முன்னாள் சொந்தக்காரரின் கைவண்ணம்

பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் வில்லங்க சர்ட்டிபிகேட் எடுத்துப் பார்க்கிறார்கள். எந்த வருஷம் யார் யாருக்கு விற்றார், எந்தப் பாங்கியில் அடமானம் வைத்தார் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் ஏழு தலைமுறைக்கு விசாரிக்கிறார்கள். மாடு பிடிக்கப் போகும் குடியானவன் பல்லைப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நாலு எட்டு நடத்திப் பார்க்கிறான். பழைய மோட்டார் வண்டி வாங்குகிறவன் மாத்திரம் என்ன பார்க்கிறான்? மேலே பளபளவென்று பூசியிருக்கும் வர்ணத்தைப் பார்க்கிறான். கதவைத் திறந்து, 'டப்' என்று மூடிப் பார்க்கிறான். ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறான். பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறான்.

நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

நான் வாங்கியது 1978-ஆம் வருஷத்து அம்பாஸடர். மூன்றாவது மார்க். எங்கள் தெருவில் எல்லோரும் மாதத் தவணையில் புது வண்டி வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் உனக்கு ஏன் இந்த ஆசை என்று சிநேகிதர்கள் கேட்டார்கள். சிறு வயதில் எங்கள் ஊர் டாக்டர் அந்த மாதிரி வண்டியில்தான் வருவார். வண்டிச் சத்தம் தெருக்கோடியில் கேட்டாலே காய்ச்சல் பாதி இறங்கிவிடும். அந்த ஞாபகம் ஒரு காரணம். இரண்டாவது காரணம் கொஞ்சம் தேசாபிமானம். 1942-ல் ஆரம்பமான ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மாதிரியாக வைத்துக்கொண்டு 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 2014-ல் உற்பத்தி நிற்கும் வரையில், மந்திரிகளும் கலெக்டர்களும் கல்யாணப் பிள்ளைகளும் ஏறி வந்தது இதில்தான். சுதந்திர இந்தியாவின் சரித்திரத்தைப் பின் ஸீட்டில் உட்கார்ந்து பார்த்த வண்டி என்று நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆர்.ஸி. புஸ்தகத்தின்படி எனக்கு முன்னால் சொந்தக்காரர்கள் மூன்று பேர். அவர்களுடைய பெயர்கள் அதில் இருக்கின்றன. என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வர்ணமும்கூட இருக்கின்றன. அந்த மூவரும் வண்டிக்கு என்னென்ன செய்தார்கள் என்பது மாத்திரம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் மண்டகப்பட்டு வரையில் போக வேண்டியிருந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கும் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மாலையில் செஞ்சிக் கோட்டைக்குப் போய் வருவது என்று உத்தேசம். முன் ஸீட்டில் என் சகதர்மிணி. பின்னால் மகளும் மகனும், ஒரு கூடை புளியோதரையும். காற்று அனலாக வீசிற்று. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள். வண்டி வழக்கம்போல் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. பிரேக்கை மிதித்தால் அந்தச் சாய்வு சற்று அதிகப்படும். விற்றவரிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். "அது அம்பாஸடருடைய குணம், ஸார். பழகிப் போயிடும்" என்றார். பழகித்தான் போயிருந்தது.

ஊர் நெருங்கும் சமயம் ஒரு பையன் ஆட்டு மந்தையைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டினான். நான் பிரேக்கை மிதித்தேன். மிதி பாதி தூரம் போயிற்று. ஒரு சின்ன உதறல். பிறகு தரை மட்டும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன். சேற்றில் காலை வைத்த மாதிரி இருந்தது. டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு, அதற்குள் நான்கு ஜீவன்கள், எதிரே முப்பது ஆடுகளும் ஒரு பையனும். ஹாரனை அழுத்திக்கொண்டே கியரை இரண்டாவதுக்குத் தள்ளினேன். கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி முனகிற்று, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துச் சாலையோரத்து மண்மேட்டில் ஏற்றினேன். நின்றது. ஆடுகள் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போயின. பையன் ஒரு வார்த்தை சொன்னான்; அதை இங்கே எழுதுவதற்கில்லை. அவன் மேல் தப்பில்லை.

புளியோதரை மாத்திரம் சிந்தியது. அது பெரிய அதிர்ஷ்டம்.

பக்கத்தில் புளிய மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு இளைஞன் டிராக்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து நெல் அறுக்கும் யந்திரம் வரையில் எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் அவன்தான் வைத்தியன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் செய்தான். பின்னால் இடது சக்கரத்தடியில் படுத்துப் பார்த்தவன், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"என்ன தம்பி?" என்றேன்.

"இந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லீங்க ஸார்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. "ரொம்ப வருஷமா இல்லை."

நேயர்களில் பலருக்கு மோட்டார் வண்டியின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிதியை நாம் மிதிக்கும்போது ஒரு உருளைக்குள் இருக்கும் திரவம் அழுத்தப்படுகிறது. மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாக அந்த அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேருகிறது. அங்கே சிறிய உருளைகளில் ரப்பர்க் கிண்ணங்கள் இருக்கின்றன. அவை விலகி, பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் உட்புறத்தில் உரசவைக்கின்றன. நான் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் சொல்லிக்கொடுக்கும் பாஸ்கல் விதிதான். இக்காலத்து வண்டிகளில் இந்த ஏற்பாடு இரண்டு தனித்தனிப் பிரிவாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். என் வண்டியிலோ நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரிவு. எங்கே ஒரு பொட்டு ஒழுகினாலும் நான்கும் போச்சு.

என் வண்டியில் நடந்தது இதுதான். முன்னொரு காலத்தில் பின் இடது சக்கரத்து உருளை ஒழுகியிருக்கிறது. புது உருளை வாங்கிப் போடுவதற்குப் பதிலாக, யாரோ ஒரு மகானுபாவர், அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயைத் துண்டித்து, முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, மடித்து, அதன்மேல் ஈயம் பற்றவைத்துவிட்டார். ஒழுகல் நின்றது. மூன்று சக்கரத்துப் பிரேக்கோடு வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த மடிப்பு சிறிது அசைந்து, சிறிது அசைந்து, ஆட்டு மந்தை வந்த அன்றைக்குப் பிளந்துகொண்டது. 'அம்பாஸடருடைய குணம்' என்று நான் பழகிப் போயிருந்தது இந்தக் குணத்துக்குத்தான்.

அது மட்டுமல்ல. திரவத்தை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்த இளைஞன், "இது பிரேக் ஆயில் இல்லீங்க. என்ஜின் ஆயில் கலந்திருக்கு" என்றான். இது எவ்வளவு பெரிய பாதகம் என்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரேக்குக்கென்று உள்ள திரவம் வேறு ஜாதி, பெட்ரோலியத்திலிருந்து வந்ததல்ல. 200 டிகிரிக்கு மேல்தான் அது கொதிக்கும், ரப்பரைக் கெடுக்காது. என்ஜின் ஆயில் பட்டால் அந்த ரப்பர்க் கிண்ணங்கள் ஊறி உப்பி, தோசை மாவு மாதிரி இளகிவிடும். அவசரத்துக்கு ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை ஊற்றி வீடு வந்து சேர்ந்தவர், மறுநாள் எல்லாவற்றையும் கழுவி, ரப்பர்களை மாற்றியிருக்க வேண்டும். அவர் மறுநாள் என்ன செய்தார்? மூடியைத் திருகிவிட்டுக் காப்பி சாப்பிடப் போயிருப்பார்.

அன்றைக்குச் செஞ்சிக்குப் போகிற பேச்சு இல்லை. விழுப்புரத்திலிருந்து சாமான் வரவழைத்தால்தான் வண்டி நகரும். வெயிலும் தாழவில்லை. "வண்டியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்க கோயிலைப் பார்த்துட்டு வாங்க" என்றான் இளைஞன். போனோம்.

மண்டகப்பட்டுக் கோயில் ஆடம்பரமற்றது. ஒரு பாறை, அதன் வயிற்றில் குடைந்த முகப்பு, தூண்கள், இரு கோடியிலும் கம்பீரமாக நிற்கும் துவாரபாலகர்கள், உள்ளே மூன்று மாடங்கள், மூன்றும் இப்போது வெறுமை. ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. அவனுக்கு விசித்திரசித்தன் என்று ஒரு பட்டப் பெயர். அந்தப் பெயரோடு அவன் வெட்டிவைத்திருக்கும் வடமொழிச் சாசனம்தான் இந்தச் சின்னக் கோயிலைச் சரித்திர புஸ்தகங்களில் ஏற்றிவிட்டது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், பிரம்மாவுக்கும் சிவபெருமானுக்கும் விஷ்ணுவுக்கும் இந்த ஆலயத்தை உண்டாக்கினான் என்பது அதன் கருத்து. அதற்கு முந்திய கோயில்களெல்லாம் செங்கல்லும் மரமுமாக இருந்ததால் காலத்துக்குத் தாங்காமல் போயின. இதுவோ 1,400 வருஷங்களாக நிற்கிறது. பூட்டு வேலை, ஒட்டு வேலை ஒன்றுமே இல்லாத கட்டடம். கட்டடம் என்றுகூடச் சொல்லக் கூடாது. எதையும் சேர்க்காமல், வேண்டாததை எடுத்துவிட்டதால் ஆனது.

திரும்பி வந்தபோது இளைஞன் முன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வக்கீல் கட்சிக்காரருக்காகக் காத்திருப்பதுபோல் காத்திருந்தான். "ஸார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

ஒன்றும் தெரியாது.

முதலில் பியூஸ் பெட்டியைக் காட்டினான். என் வண்டியில் இரண்டே இரண்டு பியூஸ்கள். அதில் ஒன்றைச் சுற்றிச் சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளிக் காகிதம். பியூஸ் என்பது வீட்டு வாசலில் கட்டியிருக்கும் நாய் மாதிரி. திருடன் வந்தால் குரைத்துவிட்டு உயிரை விடுவதுதான் அதன் வேலை. எங்கேயோ ஒரு கம்பியின் உறை தேய்ந்து, இரும்பில் பட்டு, மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது, பியூஸ் எரிந்திருக்கிறது. புதிது போட்டால் அதுவும் எரிந்திருக்கும். தேய்ந்த இடத்தைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். வெள்ளிக் காகிதம் சுற்றுவதற்குப் பொறுமை வேண்டாம். ஆகவே நாயை அடித்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு மண் பொம்மையை வைத்துவிட்டார்கள். கம்பிகள் உருகிக் கருகிய நாற்றம் சில சமயம் எனக்கும் வந்ததுண்டு. பழைய வண்டியின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பெட்ரோல் குழாய். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய், கொத்தனார்கள் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் குழாய்! பெட்ரோல் பட்டுப் பட்டு அது கண்ணாடி வளையல்போல் விறைத்து, பழுப்பேறி, நுனியில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. என் வண்டியில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகை போகும் இரும்புக் குழாய் நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருக்கும். மேலே பெட்ரோல், கீழே நெருப்பு, நடுவில் கொத்தனார் குழாய். என் சகதர்மிணி இதைக் கேட்டதும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அப்போது என்ஜின் ஓடவில்லை என்று சமாதானம் சொன்னேன். "இத்தனை நாள் ஓடித்தே?" என்றாள். அதற்குப் பதில் இல்லை.

தண்ணீர்ச் சூட்டை ஒழுங்குபடுத்தும் தெர்மாஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இது நம் தேசத்தில் வெகு சாதாரணம். வண்டி சூடேறுகிறது என்றால் முதல் வேலையாகத் தெர்மாஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது என்று ஒரு சம்பிரதாயமே உண்டு. உஷ்ண தேசத்தில் அது எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ஜினுக்கு 80 டிகிரி வாக்கில் சூடு இருந்தால்தான் உடம்புக்கு நல்லது. விடியற்காலையில் புறப்பட்டுப் பத்து மைல் போகிற வண்டியில் அந்தச் சூடு வந்து சேருவதற்குள் ஊரே வந்துவிடும். அதுவரை பெட்ரோல் முழுதும் எரியாமல் உருளைச் சுவர்களில் வழிந்து, அங்கே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. உருளை தேய்கிறது. சூடு ஏறியதற்கு உண்மையான காரணம் ரேடியேட்டர்க் குழல்களில் அடைத்திருந்த சேறு. அடைத்ததற்குக் காரணம், எப்போதோ ஒழுகியபோது கொட்டிய மஞ்சள் தூள். ஒரு ஒட்டு இன்னொரு ஒட்டைப் பெற்று, அது ஒரு பேரனைப் பெற்று, வம்ச விருத்தியாகியிருந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பியைக் கொண்டு விளக்குகளுக்கு இணைப்பு. வண்டியின் அதிர்ச்சியில் அது ஒடிந்து ஒடிந்து, இன்ஸுலேஷன் டேப்பால் ஏழெட்டு இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கால் வைக்கும் இடத்தில் தரை துருப்பிடித்துப் போனதற்கு எண்ணெய் டின்னை வெட்டிப் போட்ட தகடு. பக்கக் கதவின் அடியில், ஆணியால் குத்தினால் உள்ளே போகும்படி ஒரு விரற்கடை கனத்துக்குப் பட்டி. அதற்குமேல்தான் நான் மயங்கிய பளபளப்பு. பாட்டரியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டையே இல்லை.

இப்படியெல்லாம் எழுதுவதால், ஒட்டுவேலை செய்தவர்களையெல்லாம் நான் பழிக்கிறேன் என்று யாரும் எண்ணக் கூடாது. நம் நாட்டு மோட்டார் சரித்திரமே ஒட்டுவேலையின் சரித்திரம்தான். யுத்த காலத்தில், 1941-ல், பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாயைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகைவாயுவில் ஓட்டினார்கள். மேட்டில் ஏறும்போது பிரயாணிகள் இறங்கி நடந்த கதைகளை நம் பாட்டனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த வாயுவைச் சரியாக வடிகட்டாவிட்டால், சாம்பலும் தாரும் என்ஜினுக்குள் போய் உருளைகளை அரத்தால் ராவின மாதிரி ராவிவிடும். கரிப் பீப்பாயைக் கழற்றிவிட்டால், அது வெளியே தெரியாது.

சுதந்திரம் வந்த பிறகு வேறொரு நெருக்கடி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. உதிரிப் பாகங்களை இங்கேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் சர்க்கார் கொள்கை வகுத்ததும், அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. கொள்கை நல்ல கொள்கை. அதனால்தான் உத்தர்பாராவிலும் பம்பாயிலும் சென்னையிலும் நம்மவர் கைகள் மோட்டார் செய்யக் கற்றுக்கொண்டன. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செவர்லேக்களும் பியூக்குகளும் அநாதைகளாயின. ஒரு பிஸ்டன் வளையத்துக்கு எங்கே போவது? பட்டறைக்காரன் கடைசலில் கடைந்து போட்டான். புது வண்டிக்கோ, மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கிற வண்டியை எப்படியாவது ஓடவைத்தே தீர வேண்டியதாயிற்று. 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிக்கும் அதே கதிதான் வந்தது. கம்பெனி மறைந்த பிறகு, புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலில் கிளறுகிறவனுக்குத்தான் அதன் பாகங்கள் கிடைக்கும்.

கியூபா தேசத்தில் இதைவிட விசேஷம். 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தியது. அதற்கு முன் வந்திறங்கிய பெரிய பெரிய அமெரிக்க வண்டிகள், உள்ளே ருஷிய என்ஜின்களைத் தாங்கிக்கொண்டு ஹவானா நகரத்து வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. நம் ஊரிலும் அம்பாஸடரின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, மேட்டடார் வேனின் டீசல் என்ஜினைப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். என்ஜின் மாறியது, அதன் பளுவைத் தாங்கி நிறுத்த வேண்டிய பிரேக் பல வண்டிகளில் மாறவில்லை.

நடுராத்திரியில், நடுக்காட்டில், பெட்ரோல் தொட்டி ஒழுகும்போது குளிக்கும் சோப்பைக் குழைத்து அடைக்கிறானே டிரைவர், அவன் ஒரு ரஸாயன சாஸ்திரி. பெட்ரோலில் சோப்புக் கரையாது. அதனால்தான் அது அடைக்கிறது. கோடை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோனால், பம்பின்மேல் ஈரத் துணியைப் போடுகிறவனும் சாஸ்திரம் தெரிந்தவன்தான். இவர்களுக்கு நான் கை எடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பெட்ரோலில் கரையாத சோப்பு மழைத் தண்ணீரில் கரையும். அந்த விஷயம் சோப்பு வைத்தவனுக்குத் தெரியும். அடுத்து வண்டி வாங்குகிறவனுக்குத் தெரியாது. என் மனத்தில் குத்துவது அந்த இடம்தான். குழாயைத் தட்டிச் சப்பையாக்கியவர், 'மூன்று சக்கரத்துக்குத்தான் பிரேக்' என்று தெரிந்தே மெதுவாக ஓட்டியிருப்பார். அவரிடமிருந்து வாங்கியவருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ. என்னிடம் வந்து சேரும்போது அது 'வண்டியின் குணம்' ஆகிவிட்டது. ஒருவருடைய ரகசியம் அடுத்தவருக்குச் சந்தேகமாகி, மூன்றாமவருக்குப் பழக்கமாகி, நாலாமவன் ஆட்டு மந்தைக்கு எதிரே நிற்கிறான்.

ரெயில்வேக்காரர்களைப் பாருங்கள். சரக்கு வண்டி ஒன்றில் கோளாறு என்றால் அதற்கு 'ஸிக்' என்று சீட்டு ஒட்டி, நோயாளியை வார்டில் படுக்கவைப்பதுபோல் தனித் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஆகாய விமானத்துக்கு ஒரு நாட்குறிப்பு உண்டு. என்ன கோளாறு, என்ன செய்தார்கள், யார் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். விமானம் எத்தனை கை மாறினாலும் அந்தப் புஸ்தகமும் கூடவே போகும். மோட்டார் வண்டிக்கோ, பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சர்க்காரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என் வண்டியும் அப்படிப் பல தடவை காட்டப்பட்டதுதான். அடியில் படுத்துப் பார்த்தவர் மண்டகப்பட்டு இளைஞன் ஒருவனே என்று தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவன் என்னிடம், "அந்தப் பாறையில என்னமோ எழுத்து இருக்குன்னு எல்லாரும் வந்து பார்க்கிறாங்களே, என்னதான் ஸார் எழுதியிருக்கு?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருப்பவன். செங்கல், மரம், உலோகம், சாந்து இவை நாலும் போடாமல் செய்தேன் என்று ராஜா எழுதிவைத்திருக்கிறான் என்று சொன்னேன்.

அவன் சற்று யோசித்தான். "போடாததையே எழுதி வெச்சிருக்காரு ராஜா" என்றான். "இந்த வண்டியை வித்தவங்க, போட்டதைக்கூட எழுதலையே!"

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். விழுப்புரத்திலிருந்து உருளைகள், ரப்பர்கள், புதுக் குழாய், பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர்க் குழாய் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். அவன் நாலு சக்கரத்தையும் கழற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, புதுத் திரவம் ஊற்றி, என்னை மிதிக்கச் சொல்லி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றினான். சாயங்காலம் நாலரை மணிக்கு மிதி கல்லைப்போல் நின்றது. வண்டி நேராக ஓடிற்று. அம்பாஸடருக்கு அந்தக் குணம் கிடையவே கிடையாது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

விறைத்துப்போன கொத்தனார் குழாயையும், ஈயம் வைத்த சப்பைக் குழாயையும் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தேன். அவை இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் இருக்கின்றன. பாஸ்கல் விதியைச் சொல்லிக்கொடுக்கும்போது கையிலிருந்து கைக்குச் சுற்றிவரச் செய்வேன். பிள்ளைகள் இப்போது சிரிப்பதில்லை.

வண்டியின் முன் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறேன். செய்த வேலை, செய்த தேதி, செய்தவர், நிரந்தரமா தற்காலிகமா என்று நாலு பத்தி. முதல் பக்கத்தில், மண்டகப்பட்டில் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கறை என்னுடையதல்ல என்றாலும், நான் விற்கிற அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விலையைக் குறைப்பார்கள் அல்லவா? குறைக்கட்டும் என்று சொல்ல எனக்கு முழு மனசு வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பேனாவின் அச்சு அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது பக்கத்தில் முதல் வரி, அந்த இளைஞனே எழுதச் சொன்னது. எல்லாம் முடிந்து புறப்படும் சமயத்தில்தான் பாட்டரிப் பட்டை ஞாபகம் வந்தது. கடையில் கேட்க மறந்துவிட்டேன். கட்டாமல் விட்டால் பள்ளத்தில் குதிக்கும்போது பாட்டரி நகர்ந்து, அதன் முனை மேல் மூடியில் பட்டு நெருப்பு வரலாம். அவன் ஒரு பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"எழுதிக்குங்க ஸார்" என்றான். "பாட்டரி, சைக்கிள் டியூப், மண்டகப்பட்டு. தற்காலிகம்."

எழுதினேன். அன்று இரவு நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்த என் சகதர்மிணி, "தற்காலிகம்னா எத்தனை நாள்?" என்று கேட்டாள். "இந்த வாரமே பட்டை வாங்கிவிடுவேன்" என்றேன்.

டியூப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.